'பறக்கும் நைட்டிங்கேல்கள்' பர்மாவுக்கு வந்தார்களா? சுவர்ப் பலகைக்குச் சரியான விவரம் வேண்டும்

இன்சீன் வாசகசாலை

எல்லோருக்கும் வணக்கம். மே 12 செவிலியர் தினத்துக்கு எங்கள் வாசகசாலையின் முன்சுவரில் ஒரு பலகை மாட்டப்போகிறோம். போர்க்காலத்தில் விமானத்தில் போய்க் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்ட பெண்களைப் பற்றியது. கமிட்டியில் எழுதிக் கொடுத்திருக்கும் வாசகம் இது:

"1944ஆம் ஆண்டு பிரிட்டிஷ் விமானப்படையின் இளவரசி மேரி செவிலியர் பிரிவைச் சேர்ந்த 'பறக்கும் நைட்டிங்கேல்கள்', செஞ்சிலுவை பொறித்த விமானங்களில் நார்மண்டியிலிருந்தும் பர்மாவிலிருந்தும் காயமடைந்த வீரர்களை அழைத்து வந்தனர். நோயாளிகள் விமானத்தில் கொண்டுசெல்லப்பட்டது அதுவே முதல்முறை."

பெயின்டர் கைக்குப் போவதற்கு முன் சரிபார்க்க வேண்டும். பர்மா பற்றிய இடம்தான் எனக்கு நெருடுகிறது. இங்கே ரங்கூனில் பலகையைப் பார்க்கிறவர்கள் "மிங்கலாடோன் விமானதளத்துக்கு வந்தார்களா, நடு பர்மாவில் மெய்த்தீலாவுக்கு வந்தார்களா" என்றுதான் முதலில் கேட்பார்கள். இன்னொன்று, டகோட்டா என்ற சரக்கு விமானம் ஒன்றில் 24 நோயாளிகள், பார்த்துக்கொள்ள ஒரே ஒரு பெண் என்று படித்தேன். கீழே ஆஸ்பத்திரி வார்டிலேயே அது சிரமம். மேலே எப்படி நடந்தது?

தவுக்கியான்

இரண்டே வாக்கியம், அதில் நான்கு பிழை. நல்லவேளை, பெயின்டரிடம் போகவில்லை.

முதல் பிழை ஆட்கள் யார் என்பதில். பறக்கும் நைட்டிங்கேல்கள் என்று பத்திரிகைகள் பெயர் வைத்தது இளவரசி மேரி பிரிவின் சிஸ்டர்களுக்கு அல்ல. அவர்கள் டபிள்யூ.ஏ.ஏ.எஃப். என்ற பெண்கள் துணைப்படையின் நர்சிங் ஆர்டர்லிகள். இரண்டும் வேறு வேறு அமைப்பு. சிஸ்டர்கள் மூன்று வருஷம் ஆஸ்பத்திரியில் படித்துப் பதிவு பெற்ற செவிலியர்கள். அவர்களுடைய பிரிவு 1918 ஜூன் 1இல் தற்காலிக அமைப்பாகத் தொடங்கி, 1921இல் நிரந்தரமாகி, 1923இல் இளவரசி மேரியின் பெயரைப் பெற்றது. போர் நடுவில், 1943இல், அவர்களுக்கு அதிகாரிகளுக்குரிய கமிஷனும் கிடைத்தது. ஆர்டர்லிகளோ படையில் சேர்ந்த பிறகு வேலை கற்றுக்கொண்ட சாதாரணப் பதவிக்காரர்கள். நார்மண்டிக்கு முதலில் பறந்த மூவரில் ஒருவர் கார்ப்பொரல், மற்ற இருவர் அதற்கும் கீழ்ப்பதவி.

அந்த முதல் பறப்பு 1944 ஜூன் 13. படைகள் கரையிறங்கி ஏழாவது நாள். வில்ட்ஷயரில் இருக்கும் பிளேக்ஹில் ஃபார்ம் தளத்திலிருந்து 233ஆவது ஸ்குவாட்ரன் (விமான அணி) டகோட்டாக்கள் போயின. இறங்கியது பாசன்வில் ஊருக்குப் பக்கத்தில் புதிதாகப் போட்ட பி-2 ஓடுதளம். பிறகு டவுன் ஆம்ப்னி, பிராட்வெல் தளங்களிலிருந்தும் ஆர்டர்லிகள் பறந்தார்கள்.

அப்போது சிஸ்டர்கள் எங்கே இருந்தார்கள் என்றால், தரையில். இளவரசி மேரி பிரிவைச் சேர்ந்த இருவர், ஐரிஸ் ஓகில்வி, மோலி கைல்ஸ், அதற்கு முந்தின நாளே நார்மண்டியின் ஜூனோ கடற்கரையில் இறங்கிவிட்டார்கள். 50ஆவது மொபைல் ஃபீல்டு ஹாஸ்பிடலோடு வந்தவர்கள். கூடாரத்தில் கட்டுப்போட்டு, பயணத்துக்குத் தயார்ப்படுத்துவது ஆஸ்பத்திரி வேலை. விமானத்தில் ஏற்றியபின் இங்கிலாந்து போய்ச் சேரும்வரை ஆர்டர்லி பொறுப்பு. உங்கள் வரைவு இந்த இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகக் கட்டிவிட்டது.

இரண்டாவது, செஞ்சிலுவை. அந்த டகோட்டாக்களில் சிலுவை கிடையாது, வரையவும் முடியாது. போகும்போது வெடிமருந்தும் பெட்ரோலும் ஏற்றிக்கொண்டு போகிற விமானம் அது. திரும்பும்போதுதான் நோயாளி. ஜெனீவா உடன்படிக்கைப்படி சிலுவை போட்ட விமானம் போர்ச்சரக்கு தூக்கக் கூடாது. ஆகவே சட்டப்படியே அதைச் சுட எதிரிக்கு உரிமை இருந்தது. பெண்களை ஏற்றலாமா என்று தயக்கம் இருந்ததற்கு ஒரு காரணம் இது.

மூன்றாவது, 'முதல்முறை'. பிரிட்டிஷ் கணக்கிலேயே எடுத்தால் 1917 பிப்ரவரியில் சினாய் பாலைவனம். பீர் எல் ஹசனாவில் ஒட்டகப்படை வீரன் ஒருவனுக்குக் கணுக்காலில் குண்டு. பி.இ.2சி விமானத்தின் பார்வையாளர் இருக்கையில் உட்காரவைத்து எல் அரிஷுக்குக் கொண்டுபோனார்கள். 45 நிமிஷம். ஒட்டகத்தில் போயிருந்தால் மூன்று நாள். 1920இல் சோமாலிலாந்துப் படையெடுப்பில் ஒரு டி.எச்.9 விமானத்தை ஒரே ஒரு ஸ்ட்ரெச்சர் வைக்கும்படி மாற்றியிருந்தார்கள். 1923இல் ஈராக்கின் குர்திஸ்தான் பகுதியிலிருந்து வயிற்றுக்கடுப்பு கண்ட ஏறத்தாழ 200 சிப்பாய்களை விக்கர்ஸ் வெர்னன் விமானங்கள் பாக்தாதுக்கு இறக்கின. படைக்கு வெளியே பார்த்தால், ஸ்காட்லாந்தில் ஐலே தீவிலிருந்து 1933 மே மாதமே ஏர் ஆம்புலன்ஸ் பறந்துவிட்டது. 1944இல் பிரிட்டனுக்குப் புதிது என்னவென்றால், போர்முனைக்கே பெண்களை விமானத்தில் அனுப்பியது. விமானத்தில் நோயாளி போவது அல்ல.

நான்காவது பர்மா. அதை எழுதத் தகுதியான ஆள் இங்கே இருக்கிறார். மெய்த்தீலா சாலை அண்ணே, வாருங்கள்.

28ஆம் தெரு ஸ்டாஃப் நர்ஸ்

வாசகசாலைக்காரர் கேட்ட 24 பேர் கணக்கை நான் சொல்கிறேன்.

டகோட்டாவில் வழக்கமான ஏற்பாடு 18 ஸ்ட்ரெச்சர், 6 பேர் உட்கார்ந்து. ஒவ்வொரு பக்கச் சுவரிலும் மூன்று அடுக்குகள், ஒவ்வோர் அடுக்கிலும் மேல், நடு, கீழ் என்று மூன்று ஸ்ட்ரெச்சர். நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற அளவுக்கு வழி. எடை ஒரு பிரச்சினையே இல்லை. சுமார் 2,700 கிலோ தூக்குகிற விமானத்தில் 24 பேர் பெரிய பாரம் கிடையாது. பிரச்சினை எல்லாம் வரிசையில்.

கதவு பின்பக்கம், இடது கைப்புறம். அதனால் காக்பிட்டை ஒட்டிய அடுக்கை முதலில் நிரப்ப வேண்டும், ஒவ்வோர் அடுக்கிலும் மேல்தட்டிலிருந்து கீழே வர வேண்டும். கீழ்த்தட்டை முதலில் போட்டால், மேல்தட்டு ஸ்ட்ரெச்சரைத் தூக்குகிறவர்கள் கீழே படுத்திருப்பவன் மேல் கால் வைக்காமல் நிற்க முடியாது. இறங்குகிற இடத்தில் உடனே அறுவைக்குப் போக வேண்டியவனைக் கடைசியாக ஏற்ற வேண்டும், அப்போதுதான் கதவோரம் இருப்பான், முதலில் இறங்குவான்.

யார் எந்தத் தட்டு என்பது அதைவிட முக்கியம். அடிக்கடி கை வைக்க வேண்டியவர்கள் நடுத்தட்டு. இரத்தக்கசிவு சந்தேகம் உள்ளவன், சொட்டு (டிரிப்) ஏறுகிறவன், மயக்கத்தில் இருப்பவன் எல்லாம் அங்கே. இடுப்பு உயரத்தில் இருப்பதால் குனியாமல் எட்டாமல் பார்க்கலாம். கனமான மாவுக்கட்டு உள்ளவன் கீழ்த்தட்டு, தூக்குவது சுலபம். தெம்பாக, பேசுகிற நிலையில் இருப்பவன் மேல்தட்டு. தொடையெலும்பு முறிந்து, காலை நீட்டிப் பிடிக்கும் நீளக் கம்பிச் சட்டமான தாமஸ் ஸ்பிளின்ட் போட்டிருப்பவனைச் சுவரோரம் திணித்தால் ஸ்பிளின்ட்டின் நுனி அடுத்த ஸ்ட்ரெச்சரின் கைப்பிடியில் இடிக்கும், ஒவ்வொரு குலுக்கலுக்கும் கத்துவான். ஏற்றுவதற்கு முன்பே நீளத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தலை காக்பிட் பக்கம். டகோட்டா தரையில் வாலைத் தாழ்த்தி நிற்கும். மாற்றிப் படுக்கவைத்தால் நிற்கும் நேரமெல்லாம் தலைகீழ்ச் சரிவு.

இப்போது காற்று. கேபினுக்கு அழுத்தம் கிடையாது, வெளியே என்னவோ அதுதான் உள்ளேயும். மேலே போகப் போக உடம்புக்குள் அடைபட்ட காற்று விரியும். 8,000 அடியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும், 10,000 அடியில் கிட்டத்தட்ட பாதிப் பங்கு கூடும், 18,000 அடியில் இரட்டிப்பு. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு காயத்தையும் பாருங்கள்.

நெஞ்சுக்கூட்டில் காற்று புகுந்தவனுக்கு அது விரிந்து நுரையீரலை நசுக்கும். ஏற்றுவதற்கு முன்பே ஊசியால் காற்றை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தரையிலேயே இருக்கட்டும். வயிற்றில் அறுவை முடிந்து குடல் இன்னும் அசையாதவனுக்கு வயிறு உப்பித் தையல் இழுபடும். கொலாஸ்டமி, அதாவது மலம் வெளியேற வயிற்றில் துளை போட்டிருப்பது, உள்ளவனுக்கு ஏறும்போது அதிகமாக வெளிவரும், கட்டுப்பஞ்சை ஏற்றும் முன்பே இரட்டிப்பாக வைக்காவிட்டால் மேலே கையிருப்பு போதாது. முதுகுப் புண்ணுக்கு அடியில் வைத்த காற்றடைத்த ரப்பர் வளையம்கூட வீங்கிக் கல்லாகும், கொஞ்சம் காற்றை இறக்கி விட வேண்டும். கண்ணாடிப் புட்டியில் சொட்டு ஏறினால், காற்று நுழையும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடைத்திருந்தால், ஏறும்போது மேலேயுள்ள காற்று விரிந்து திரவத்தை வேகமாகத் தள்ளும், இறங்கும்போது சொட்டு நின்றே போகும்.

முழுச்சுற்று மாவுக்கட்டு இன்னொரு ஆபத்து. அடிபட்ட கால் வழியில் வீங்கும், கட்டு விரியாது. கிளம்பும் முன்பே நெடுக அறுத்து, உள்ளே இருக்கும் பஞ்சுவரை பிளந்து, மேலே துணிக்கட்டு சுற்றி அனுப்ப வேண்டும். மேலே அறுக்க நேரமும் கிடையாது, இடமும் கிடையாது. விரல் நுனி நீலமாகிறதா என்று பார்ப்பதுதான் ஆர்டர்லி செய்யக்கூடியது.

தாடையைக் கம்பியால் கட்டியவன் வாந்தி எடுத்தால் மூச்சடைத்துப் போவான். கம்பி வெட்டுகிற கத்தரி அவன் ஸ்ட்ரெச்சரிலேயே கட்டியிருக்க வேண்டும், பெட்டியில் இருந்தால் உதவாது. அவனை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும்.

வலி தணிக்கும் மார்ஃபியா பற்றி ஒரு விஷயம், இது பலரையும் கொன்றது. குளிர்ந்து அதிர்ச்சியில் இருப்பவனுக்குத் தோலுக்கடியில் ஊசி போட்டால் மருந்து உறிஞ்சப்படாமல் அங்கேயே நிற்கும். வலி குறையவில்லையே என்று இன்னொன்று போடுவார்கள். பிறகு கம்பளி போர்த்திச் சூடு வந்ததும் இரண்டும் ஒரேயடியாக இரத்தத்தில் இறங்கும், மூச்சு படுத்துவிடும். உயரத்தில் ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவு. அதனால்தான் நெற்றியில் எம் என்று எழுதி நேரத்தையும் குறித்தார்கள். இரத்தப்போக்கை நிறுத்தும் பட்டை (டூர்னிகே) இறுக்கியிருந்தால் டி. மற்றதெல்லாம் டபிள்யூ 3118 என்ற ஃபீல்டு மெடிக்கல் கார்டில், சட்டைப் பொத்தானில் கட்டியிருக்கும்.

இறங்கும்போது எல்லோரையும் எழுப்ப வேண்டும். தூங்குகிறவன் விழுங்க மாட்டான், காது அடைத்து வலி எடுக்கும். ஒரு மிடறு தண்ணீரோ தேநீரோ போதும். தேநீர் ஃபிளாஸ்க் அவர்கள் சாமான்களில் இருந்தது வெறும் உபசாரத்துக்காக அல்ல. வயிற்றுக் காயக்காரனுக்கு மட்டும் வாயை நனைப்பதோடு சரி.

இவ்வளவையும் ஒரே பெண் செய்தாளா என்றால், பெரும்பகுதி தரையிலேயே முடிந்திருக்க வேண்டும் என்பதுதான் விடை. சரியாகத் தேர்ந்தெடுத்து, சரியாகக் கட்டி, சரியான தட்டில் வைத்தால், நார்மண்டியிலிருந்து இங்கிலாந்துவரை ஒரு ஆள் சமாளிக்கலாம். தரையில் ஒன்றைக் கோட்டைவிட்டால் மேலே நான்கு பேர் இருந்தாலும் முடியாது.

பொட்டடாங் தம்பி

ஒரு சந்தேகம். "செவிலியர் அல்ல, ஆர்டர்லி" என்று பலகையில் எழுதினால் அவர்களைக் குறைத்துச் சொல்வதுபோல் ஆகாதா? வேலை ஒன்றுதானே? அப்புறம், சிலுவை போட்ட பிரிட்டிஷ் விமானம் படத்தில் பார்த்திருக்கிறேனே.

28ஆம் தெரு ஸ்டாஃப் நர்ஸ்

குறைத்துச் சொன்னது அவர்களை வேலைக்கு வைத்தவர்கள்தான். விமானத்தில் பறப்பதற்குக் கூடுதலாக ஒரு நாளைக்கு எட்டு பென்ஸ். அதற்குள் ஆக்சிஜன் கொடுப்பது, ஊசி, தீக்காயம், எலும்புமுறிவு, கொலாஸ்டமி, உயரம் உடம்பை என்ன செய்யும் என்பது, கடலில் விழுந்தால் ரப்பர் படகை எப்படி விரிப்பது எல்லாம் படித்துக்கொள்ள வேண்டும். நோயாளிகளுக்குப் பாராசூட் கிடையாது, ஆகவே நோயாளி ஏறியபின் ஆர்டர்லியும் குதிப்பதற்கில்லை. அந்தப் பதவிப் பெயரையே எழுதி, அடியில் என்ன செய்தார்கள் என்றும் எழுதுங்கள். சிஸ்டர் பட்டத்தை இரவல் வாங்கிக் கொடுப்பதைவிட அது மரியாதை.

தவுக்கியான்

சிலுவை போட்ட விமானங்கள் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் வேலைக்கு மட்டுமே ஒதுக்கியவை அவை. நான் சொன்னது நார்மண்டிக்குப் போன சரக்கு டகோட்டாக்களை. தம்பி பார்த்த படத்தில் விமானத்தின் வகையைப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

மெய்த்தீலா சாலை

தவுக்கியான் கூப்பிட்டதால் பர்மா பக்கத்தை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

நார்மண்டிக்குப் பறந்த டபிள்யூ.ஏ.ஏ.எஃப். ஆர்டர்லிகள் பர்மா போர்முனைக்கு வரவில்லை. இந்தப் பக்கம் டகோட்டாவில் நோயாளியோடு போனவர்கள் பெரும்பாலும் ஆண் நர்சிங் ஆர்டர்லிகள். பெண் விமானச் செவிலியர் இந்த வானத்தில் பறந்தது அமெரிக்கப் படையில். அசாமின் சபுவா தளத்தில் நோயாளிகளை விமானத்தில் கொண்டுபோகும் 803ஆவது பிரிவு இருந்தது. அவர்கள் பதிவு பெற்ற நர்சுகள், கென்டக்கியில் பௌமன் ஃபீல்டில் தனிப்பயிற்சி. அந்தப் பள்ளியின் முதல் தொகுதி 1943 பிப்ரவரி 18இல் வெளிவந்தது. பிரிட்டன் முதல் மூவரை அனுப்புவதற்கு ஏறத்தாழ ஒன்றேகால் வருஷத்துக்கு முன்.

ஆனால் காயம்பட்டவர்களை விமானத்தில் எடுக்கும் வேலை பர்மாவில் நார்மண்டிக்கு முன்பே பெரிய அளவில் நடந்துவிட்டது. பலகையில் இந்த ஊரைப் பற்றி எழுதுவதானால் எழுத வேண்டியது அதைத்தான்.

1942இல் ஜப்பானியர் வந்தபோது பிரிட்டிஷ் விமானப்படையின் 31ஆவது ஸ்குவாட்ரன் மகுவே, ஷ்வேபோ, மிச்சினா என்று பின்வாங்கிக்கொண்டே ஆட்களை எடுத்தது. மே 6ஆம் தேதி மிச்சினா ஓடுதளத்திலேயே குண்டு விழுந்தது. அதன்பின் வழி காலால்தான். நம் ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் அதற்கு முன்பும் காலால்தான் போனார்கள், தவுங்குப் கணவாய் வழியாகவும் தமு வழியாகவும். விமான இருக்கை எல்லோருக்கும் கிடைத்ததுபோல் பலகையில் எழுதிவிடாதீர்கள்.

1943இல் விங்கேட்டின் சிண்டிட்கள், அதாவது ஜப்பானியர் பின்னால் ஊடுருவிச் சண்டைபோட்ட பிரிட்டிஷ் தரப்புப் படையினர், முதல்தடவை உள்ளே வந்தபோது, நடக்க முடியாதவனை வழியில் கிராமத்தில் விட்டுவிட்டுப் போவதுதான் ஏற்பாடு. ஏப்ரல் கடைசியில் 31ஆவது ஸ்குவாட்ரனின் ஒரு டகோட்டா காட்டுக்குள் ஒரு வெட்டவெளியில் இறங்கி ஒரு கூட்டம் நோயாளிகளைத் தூக்கிவந்தது. ஒரே ஒரு தடவை. அந்த ஒன்றைப் பார்த்துத்தான் அடுத்த வருஷத் திட்டமே மாறியது.

1944 மார்ச்சில் 'பிராட்வே' போன்ற காட்டு ஓடுதளங்கள் போட்டபின் ஏற்பாடு இரண்டு கட்டமாக ஆனது. சண்டை நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நெல்வயலைச் சமப்படுத்தி, எல்-1, எல்-5 என்ற சின்ன விமானங்கள் இறங்கும். எல்-5இல் ஒரே ஒரு நோயாளிதான், கூட ஆள் போக இடமில்லை. அவனைக் கட்டி அனுப்புகிறவர் செய்ததுதான் சிகிச்சை. அங்கிருந்து பெரிய ஓடுதளம், அங்கே டகோட்டா. அந்த ஏப்ரலில் மாவ்லு பக்கம் ஒரு சிக்கார்ஸ்கி ஒய்.ஆர்-4 ஹெலிகாப்டர், விழுந்துபோன எல்-1இன் பைலட்டையும் மூன்று பிரிட்டிஷ் காயக்காரர்களையும் ஒவ்வொருவராக எடுத்தது. ஓட்டியவர் கார்ட்டர் ஹார்மன். போரில் ஹெலிகாப்டர் காயம்பட்டவரை மீட்டது அதுதான் முதல். ஒவ்வொருவராக எடுத்ததற்குக் காரணம் வெயில்: சூடான ஈரக்காற்றில் அந்த இஞ்சினுக்கு இரண்டாவது ஆளைத் தூக்கும் வலு இல்லை, சீக்கிரம் கொதித்தும் போகும்.

மழை பிடித்ததும் எல்லாம் நின்றது. மே 25இல் சிண்டிட்களின் 'பிளாக்பூல்' முகாமை விட்டு வந்த படை தன் காயக்காரர்களை இந்தோஜீ ஏரிக்குச் சுமந்து வந்தது. ஓடுதளம் சேறு, எல்-5 இறங்காது. அப்போது இலங்கை கொக்கலையில் இருந்த 230ஆவது ஸ்குவாட்ரனின் இரண்டு சண்டர்லாண்ட் கடல்விமானங்களைக் கொண்டுவந்தார்கள். திப்ருகருக்குப் பக்கத்தில் பிரம்மபுத்திராவில் ஏறி, மலையைத் தாண்டி, ஏரியில் இறங்கி, படகுகளில் வருகிறவர்களை ஏற்றித் திரும்பும். ஜூன் முழுக்க ஓட்டி 500க்கும் மேற்பட்டவர்களை எடுத்துவிட்டன. சிப்பாய்கள் அவற்றுக்கு கெர்ட், டெய்சி என்று பெயர் வைத்தார்கள்.

அதே நேரத்தில் மணிப்பூரின் இம்பால். ஜப்பானியர் முற்றுகையிட்டிருந்த நாட்களில் சரக்கு இறக்கிய விமானங்கள் திரும்பும்போது ஏறத்தாழ 13,000 நோயாளிகளையும், சண்டைக்கு வேண்டாத 43,000 பேரையும் வெளியே எடுத்தன. இந்த 43,000 மனிதநேயக் கணக்கு மட்டுமல்ல, அவர்கள் சாப்பிடாமல் இருந்தால் மிச்சமாகும் அரிசிக் கணக்கும்தான்.

இன்னொன்றைக் கவனியுங்கள். பர்மாவில் ஸ்ட்ரெச்சரில் வந்தவன் பெரும்பாலும் குண்டுக்காயக்காரன் அல்ல. 1943இல் காயத்துக்காக அனுப்பப்பட்ட ஒருவனுக்கு நோயால் அனுப்பப்பட்டவர்கள் 120 பேர் என்று பதினான்காவது படையின் தளபதி ஜெனரல் ஸ்லிம் பதிவு செய்திருக்கிறார். மலேரியா, வயிற்றுக்கடுப்பு, உண்ணிக்காய்ச்சல். ஸ்டாஃப் நர்ஸ் அக்கா சொன்ன வரிசையில் இவர்களையும் சேர்க்க வேண்டும். வயிற்றுக்கடுப்புக்காரனை நடுவழியில் வைக்க முடியாது, பின்கதவுப் பக்கம், வாளியோடு. மழையில் நனைந்த சட்டையோடு ஏற்றினால், தரையில் 35 டிகிரி, 10,000 அடியில் 15 டிகிரி. சரக்கு தள்ளுவதற்காகப் பின்கதவையே கழற்றிவைத்த விமானங்கள் வேறு. மலேரியாக்காரன் நடுங்கியே துவண்டுபோவான். ஈரத்தை உரித்துக் கம்பளி சுற்றுவது இங்கே முதல் சிகிச்சை.

உயரத்தைத் தாழ்த்தி ஓட்டுங்கள் என்று பைலட்டிடம் சொல்வதும் இங்கே பாதி நாள் நடக்காது. மெய்த்தீலாவிலிருந்து (இன்றைய வங்கதேசத்தில் இருக்கும்) கொமில்லா ஆஸ்பத்திரிகளுக்கு ஏறத்தாழ 560 கிலோமீட்டர், இரண்டு மணிநேரத்துக்கு மேல். நடுவில் சின் மலை. கென்னடி சிகரம் 2,700 மீட்டர், நத்மா தவுங் 3,053 மீட்டர். தெளிவான நாளில் பள்ளத்தாக்கு வழியே நுழையலாம். மழைக்காலத்தில் இடிமேகத்துக்குள் போனால் விமானமே உடைந்துவிடும், சுற்றவோ ஏறவோ வேண்டும். அதனால் நெஞ்சுக்காயக்காரனை மலை இந்தப் பக்கமே சில நாள் நிறுத்தி, தேறியபின் அனுப்புவதுதான் புத்தி.

1945 மார்ச்சில் மெய்த்தீலாவில் இன்னொரு விதமான சிக்கல். ஊர் பிரிட்டிஷ் படை கையில், ஓடுதளம் யார் கையில் என்பது காலையில்தான் தெரியும். இரவில் ஜப்பானியர் வந்து உட்காருவார்கள், விடிந்ததும் அவர்களைத் துரத்தியபின் டகோட்டா இறங்கும். மார்ச் நடுவில் இறங்குவதே நின்றுபோய், சரக்கைப் பாராசூட்டில் போட்டார்கள். சரக்கைப் போடலாம், நோயாளியை மேலே தூக்க முடியாது.

பொட்டடாங் தம்பி

நன்றி அண்ணே. நம் ஆட்கள் அந்த விமானங்களில் ஏறினார்களா?

மெய்த்தீலா சாலை

ஏறினார்கள் தம்பி. பர்மாவில் சண்டைபோட்ட பிரிட்டிஷ் பதினான்காவது படையில் பெரும்பகுதி இந்தியர்கள்தான், மெட்ராஸ் சாப்பர்கள் என்ற பொறியியல் படையினரும் அதில் உண்டு. வெள்ளைக்காரனுக்கு ஒன்று, இந்தியனுக்கு ஒன்று என்று தனி டகோட்டா கிடையாது. ஆர்டர்லிக்குத் தமிழ் தெரியாது, சிப்பாய்க்கு இங்கிலீஷ் வராது என்கிற நிலையில் பொத்தானில் கட்டிய அந்தக் கார்டுதான் பேச வேண்டும். அதில் மார்ஃபியா நேரம் விட்டுப்போனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

1945 செப்டம்பரில் சயாமிலிருந்து விடுதலையான கைதிகளை டகோட்டாக்கள் மிங்கலாடோனில் இறக்கின, ரங்கூன் இராணுவ ஆஸ்பத்திரிகளில் சேர்த்தார்கள். அது போர்க்கைதிகளுக்கான ஏற்பாடு. ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதையில் வேலை செய்த தோட்டத் தமிழர்களை அந்தக் கணக்கோடு சேர்த்து எழுதாதீர்கள்.

தவுக்கியான்

ஒரு துணுக்கு மட்டும். 194ஆவது ஸ்குவாட்ரன் பர்மாவில் டகோட்டாவோடு எல்-5களையும் வைத்து நோயாளிகளை எடுத்தது. போர் முடிந்ததும் கலைத்தார்கள். 1953இல் அதே எண்ணை மலாயாவில் டிராகன்ஃபிளை ஹெலிகாப்டர்களுக்குக் கொடுத்தார்கள், வேலை அதேதான். இளவரசி மேரி பிரிவின் சிஸ்டர்கள் நெடுந்தூர விமானங்களில் பறப்பதைப் பலகையில் சொல்ல ஆசையிருந்தால் கொரியப் போரைச் சொல்லுங்கள்: ஜப்பானின் இவாகுனியிலிருந்து சிங்கப்பூரின் சாங்கி வழியாக ஹேஸ்டிங்ஸ் விமானங்கள் இங்கிலாந்துவரை போயின.

இன்சீன் வாசகசாலை

எல்லோருக்கும் நன்றி. கொரியாவுக்கு இடமில்லை. திருத்திய வாசகம்:

"1944 ஜூன் 13 அன்று பிரிட்டிஷ் விமானப்படையின் பெண்கள் துணைப்படையைச் சேர்ந்த நர்சிங் ஆர்டர்லிகள் மூவர் டகோட்டா விமானங்களில் நார்மண்டிக்குச் சென்று, காயமடைந்தவர்களைக் கவனித்தபடி இங்கிலாந்து திரும்பினர். பத்திரிகைகள் இவர்களைப் 'பறக்கும் நைட்டிங்கேல்கள்' என்றன. அதே ஆண்டு பர்மாவிலும் இம்பாலிலும் ஆண் ஆர்டர்லிகளும் அமெரிக்க விமானச் செவிலியரும் ஆயிரக்கணக்கான நோயாளிகளோடு பறந்தனர். இந்தோஜீ ஏரியிலிருந்து மட்டும் கடல்விமானங்கள் 500க்கும் மேற்பட்டோரை மீட்டன."

பக்கத்தில் டகோட்டாவின் உட்புறத்தைப் படமாக வரையச் சொல்லியிருக்கிறேன். வெள்ளைத் தலைத்துணியோடு ஒரு நர்சை நிற்கவைக்கலாமா?

28ஆம் தெரு ஸ்டாஃப் நர்ஸ்

தலைத்துணி சிஸ்டர்களுடையது, ஆர்டர்லிக்கு வேண்டாம். கால்சட்டையும் குட்டைச் சட்டையுமாகப் பேட்டில்டிரெஸ் போடச் சொல்லுங்கள். பக்கத்துக்கு மூன்று அடுக்கு, அடுக்குக்கு மூன்று தட்டு, தலை காக்பிட் பக்கம், கதவு பின்னால் இடதுபுறம். பெயின்டர் பழக்கத்தில் வெளியே சிலுவை போட்டுவிடுவார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.